தாடை மூட்டில் சத்தம் வந்தால் பல்லை ராவ வேண்டுமா?

பர்மாவின் மௌல்மீன் நகரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 34, தையல் வேலை. ஏழெட்டு மாதங்களாக வாயைத் திறக்கும்போது இடது காதுக்கு முன்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதாம். காலையில் எழுந்திருக்கும்போது கன்னம் இறுகிக் கிடக்கிறது. கடந்த இரண்டு மாதங்களாக மெல்லும்போது வலியும் சேர்ந்துகொண்டது. அவரைப் பார்த்த பல் மருத்துவர் ஒருவர், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாததே காரணம் என்றும், கடைவாய்ப் பற்கள் எட்டை ராவிச் சமப்படுத்தி, மேலே உறைபோலக் கேப் போட்டால் குணமாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். செலவுக்குக் கையில் பணம் இல்லை, வளையலை விற்றுச் செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

வளையலை விற்க வேண்டாம், பல்லையும் ராவ வேண்டாம் என்பதே என் பதில். நேரில் பார்க்காமல் ஒருவருடைய நோயை முடிவு செய்ய இயலாது என்பதை அறிந்தேதான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நேரில் பார்த்த பிறகும் இந்த நிலையில் முதல் சிகிச்சையாகப் பல்லை ராவுவதற்கு நியாயம் கிடைக்காது. ராவிய எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளிப்பூச்சு, திரும்ப வளர்வதில்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் ஈறை விட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட வேண்டுமானால் மெல்லும் பரப்பில் மட்டும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை எடுத்தாக வேண்டும். சொத்தையில்லாத எட்டுப் பற்களில் அவ்வளவையும் எடுத்த பிறகு வலி இருந்த இடத்திலேயே இருக்குமானால், பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். காதுத் துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய குருத்தெலும்புக்கு ஒரு விரலளவு முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். விரலுக்கு அடியில் ஓர் உருண்டை முதலில் சுழல்வதையும், பிறகு முன்னால் வழுக்கிப் போவதையும் உணரலாம். அந்த உருண்டைதான் கீழ்த்தாடையின் முனை. வாய் 20, 25 மில்லிமீட்டர் திறக்கும் வரை அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது; அதற்கு மேல் திறக்கும்போது குழியை விட்டு இறங்கி, எதிரே உள்ள எலும்பு மேட்டின் அடி வரை வழுக்குகிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவில், இரு பக்கமும் குழிந்த மெல்லிய நார்த்தட்டு ஒன்று இருக்கிறது. முனை நகரும்போது அதுவும் கூடவே நகர வேண்டும். அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், முனை அதன் தடித்த பின்விளிம்பைத் தாண்டி நடுக்குழிவில் ஏறி உட்காரும் கணத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது. வாயை மூடும்போது முனை மறுபடி இறங்கிவிடும். சிலருக்கு அப்போதும் மெல்லிய சத்தம் உண்டு.

வலியில்லாத ‘டிக்’ எத்தனையோ பேருக்கு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பதும், தானே குறைந்து போவதும் உண்டு. சத்தத்தை மட்டும் போக்குவதற்கென்று எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு: இவ்வளவு நாள் கேட்ட சத்தம் ஒரு நாள் திடீரென்று நின்று, அதே நேரத்தில் வாய் பாதிக்கு மேல் திறக்காமல், திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால், நழுவிய தட்டு வழியை மறித்துவிட்டது என்று பொருள். அப்போது நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் விவரத்தில் சத்தத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது காலையில் கன்னம் இறுகியிருப்பது. இது மூட்டின் குறை என்பதைவிடத் தசையின் குறையாகவே இருக்கக்கூடும். என்னிடம் வருகிறவர்களைப் பரிசோதிக்கும்போது கன்ன எலும்புக்குக் கீழே உள்ள பெரிய மெல்லும் தசையை விரலால் அழுத்தி, வலி எங்கே பரவுகிறது என்று கேட்பேன். நம் பெண்கள் கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்தைப் பூசியிருப்பார்கள். அழுத்தி எடுத்த விரலில் மஞ்சள் மாவு ஒட்டியிருக்க, “இதோ, இதே வலிதான், காதுக்குள் போகிறது” என்று அவர்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் மூட்டு அல்ல, அந்தத் தசைதான். ‘எனக்குத் தெரிந்த அதே வலி’ என்று நோயாளி அடையாளம் சொல்கிறாரா என்பதை 2014-இல் வெளியான உலகளாவிய நோயறி முறையும் ஒரு முக்கியமான அளவுகோலாக வைத்திருக்கிறது. கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பது, அந்த நோயறி முறையில் நிபந்தனையாக இல்லை.

கடிதான் காரணம் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் கோஸ்டன் 1934-இல், 11 நோயாளிகளை மட்டும் வைத்து, கடைவாய்ப் பற்களை இழந்து கடி தாழ்ந்துபோனால் தாடை முனை பின்னால் சென்று காதருகே நரம்பை அழுத்துகிறது என்று எழுதினார். உடற்கூற்றின்படி அது நடக்காது என்று ஹாரி சிக்கர் என்ற அறிஞர் பின்னர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அதற்குள் பல் மருத்துவர்கள் கடியைச் சரிசெய்யப் புறப்பட்டுவிட்டார்கள். பல தலைமுறைகளுக்கு அதுவே பாடமாகவும் இருந்தது. உங்களுக்கு ராவச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குக் கற்பித்ததை அவர் சொல்கிறார். எனக்கும் அதைத்தான் கற்பித்தார்கள்.

கடியில் ஓர் இடறல் இருந்தால் தாடை அதை அரைத்துத் தீர்க்க முயலும், அதனால் தசை களைத்து வலிக்கும் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். நல்ல தாடையுள்ள இளம்பெண்களின் ஒரு பல்லில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி வேண்டுமென்றே கடியை இடறச் செய்து, அன்றாட வாழ்க்கையில் மெல்லும் தசை எவ்வளவு இயங்குகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். தசையின் இயக்கம் கூடவில்லை, குறைந்தது. காலில் முள் தைத்தவர் அந்தக் காலை ஊன்றாமல் நடப்பதுபோல, இடறும் பல்லைத் தாடை தவிர்த்துக்கொண்டது. யாருக்கும் மூட்டு நோய் வரவில்லை. ஏற்கெனவே தாடை வலி கண்டவர்களுக்கு மட்டும் இப்படிப்பட்ட இடறல் அதிகத் தொல்லை தருகிறது என்பது பின்லாந்தில் நடந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே தாடை வலி உள்ளவரின் வாயில் புதிதாக எதையும் மாற்றும்போது இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். எட்டுப் பல்லை ஒன்றாக மாற்றுவது அந்த எச்சரிக்கைக்கு நேர் எதிரானது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். பெகுவிலிருந்து வந்தவர், அரிசி ஆலையில் கணக்கெழுதுபவர். தாடை வலி என்றார். நீலக் கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளிகளைக் கொஞ்சம் தேய்த்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று மகிழ்ச்சியோடு வந்தார். ஆனால் இப்போது வேறு பல் முட்டுகிறது என்றார். அதையும் தேய்த்தேன். மூன்றாவது முறையும் தேய்த்தேன். நான்காவது முறை வந்தபோது, “டாக்டர், என் கடி எது என்றே எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டு, தாடையை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருடைய பல்லில் இல்லாத கோளாறை அவருடைய கவனத்தில் நான் உண்டாக்கியிருந்தேன். பல் வேரைச் சுற்றியுள்ள சவ்வு 20 மைக்ரான் தடிப்பைக்கூட, அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட, உணரும் திறன் கொண்டது. இடைவிடாமல் அதையே கவனிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்த மனிதருக்கு நிம்மதி ஏது? அதற்குப் பிறகு தாடை வலிக்காக ஒருவருடைய எனாமலையும் நான் தொட்டதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கடி மாறியதால் மூட்டு கெட்டதா, மூட்டு கெட்டதால் கடி மாறியதா? மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் தாடை முனை சற்றே கீழே தள்ளப்பட்டு, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். முனையின் எலும்பு தேய்ந்தால் நேர்மாறாக, கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டி, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். தாடையை முன்னால் இழுக்கும் உட்புறத் தசை இறுகினால் எதிர்ப்பக்கத்து முன்பற்கள் மோதுவதாகத் தோன்றும். இவை மூன்றிலும் நோயாளி சொல்வது ஒன்றே: “என் கடி மாறிவிட்டது.” வீக்கம் வற்றியதும், தசை தளர்ந்ததும் கடி பழைய இடத்துக்கு வந்துவிடும், இடையில் யாராவது ராவிக் கேப் போட்டிருந்தால், அந்தக் கேப் வீங்கிய மூட்டுக்குப் பொருந்துமே தவிர, நலமடைந்த மூட்டுக்குப் பொருந்தாது.

இதனால் கடியைப் பார்க்கவே வேண்டாம் என்று பொருளல்ல. சொத்தைக் குழியில் அடைப்பு வைத்த மறுநாள் அந்தப் பல்லில் கடிக்க முடியவில்லை என்றால் அடைப்பு உயரமாக இருக்கிறது. அதைக் குறைத்தே ஆக வேண்டும். மரத்துப்போன வாயோடு, நாற்காலியில் மல்லாந்து படுத்தபடி கடிப்பவரின் தாடை பின்னால் சாய்ந்திருக்கும். ஆகவே நிமிர்ந்து உட்காரவைத்து ஒரு முறையும், மரப்பு தெளிந்த பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. கார்பன் பேப்பரில் பெரிதாகப் பதிந்த கறையெல்லாம் அழுத்தம் அல்ல. நடுவில் வெள்ளையாகவும் சுற்றிலும் வளையமாகவும் பதிவதுதான் பெரும்பாலும் உண்மையான அழுத்தம். எலும்பில் பொருத்திய செயற்கை வேருக்கு (இம்ப்ளான்ட்) இயற்கை வேரைச் சுற்றியுள்ள அந்தச் சவ்வு இல்லை, எனவே உணர்வும் இல்லை. அங்கே கடியை மருத்துவரே கவனித்து வைக்க வேண்டும். ஈறு நோயால் ஆடும் பல், விரிசல் விட்ட பல், பல் செட் கட்டுவது என்று கடி அறிவு உயிர்நாடியாக இருக்கும் இடங்கள் பல. தாடை வலி அந்த வரிசையில் இல்லை.

நீங்கள் வெற்றிலை போடுவீர்களா என்பதை எழுதவில்லை. நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தாடையைப் பரிசோதிக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். தெருமுனை தோறும் இருக்கும் குன்யா (வெற்றிலை பாக்கு) கடையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துத் தருவதை நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை அடக்கிக்கொள்பவருக்கு வாய் திறப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளும் செம்பும் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நார்த் திசுவைப் பெருக்கி விறைக்க வைக்கின்றன. இதை 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடமும், அடுத்த ஆண்டு பம்பாயிலும் மருத்துவர்கள் விவரித்தார்கள். பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலேயே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. காரம் பட்டால் வாய் எரிவது, உள்கன்னம் வெளிறிப் பளிங்குபோல் தெரிவது, கன்னத்தை ஊதிப் பெருக்க முடியாமல் போவது, விரலை உள்ளே விட்டால் மேலும் கீழுமாகக் கயிறு கட்டியதுபோல் தட்டுப்படுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இங்கே மூட்டில் சத்தமும் இல்லை, தசையில் வலியும் இல்லை. திறப்பு மட்டும் சுருங்குகிறது. இதை மூட்டு நோய் என்று எண்ணி ஆண்டுகளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். புற்றாக மாறக்கூடிய இந்த நிலையில், பாக்கை அன்றே நிறுத்துவதும் குறிப்பிட்ட இடைவெளியில் வாயைக் காட்டி வருவதும் தவிர்க்கக் கூடாதவை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை. மெல்வதும் விழுங்குவதுமாக மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உண்மையில் தொட்டுக்கொள்ளும் நேரம் ஒரு நாளில் மொத்தம் 20 நிமிடத்தைத் தாண்டாது என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. மற்ற நேரமெல்லாம் அவற்றுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தையல் இயந்திரத்தின் முன் குனிந்து, ஊசிக் காதைக் குறிவைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று நாளை ஒரு முறை கவனியுங்கள். சேர்ந்து இறுகித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நூலைப் பல்லால் கடித்து அறுப்பீர்களானால் அதையும் நிறுத்தி, கத்தரியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். குண்டூசியைப் பல்லிடுக்கில் பிடிப்பதும் தாடையை முன்னால் தள்ளியே வைத்திருக்கும் வேலைதான்.

தாடையை ஓய்வாக வைக்கக் கற்பிப்பதற்குத் தமிழில் நல்ல வசதி உண்டு. ‘ந்’ என்று சொன்னால் நாக்கு நுனி பல்லைத் தொடும். ‘ண்’ என்றால் பின்னால் மடியும். ‘ன்’ என்று சொல்லும்போது மேல் முன்பற்களுக்குப் பின்னாலுள்ள மேட்டில் மெல்லப் படியும். அந்த றன்னகர இடத்திலேயே நாக்கை விட்டுவிட்டு, உதட்டைச் சேர்த்து, பல்லைப் பிரித்து, மூக்கால் மூச்சு விடுங்கள். இயந்திரத்தின் மேல் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் ‘ன்’ என்று எண்ணிக்கொண்டால் போதும். நாக்கை அங்கேயே வைத்தபடி, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு நான்கைந்து வேளை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15 நிமிடம் வைப்பது தசையைத் தளர்த்தும். இரண்டு வாரத்துக்குச் சோறு, குழம்பு, மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) போன்ற மெத்தென்ற உணவே இருக்கட்டும். லபெத்தில் (ஊறவைத்த தேயிலை) போடும் வறுத்த பயறும் கரும்பும் கூடாது. கொட்டாவி வரும்போது மடக்கிய கையை முகவாய்க்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். வலி மாத்திரை தேவைப்பட்டால் சில நாட்களுக்கு மட்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஐபுபுரோஃபென் வேண்டாம்.

நாட்பட்ட தாடை வலிக்கு எது பயன்படும் என்று ஆராய்ந்து 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதுபோன்ற தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் தசையையும் மூட்டையும் தளர்த்துவது, மன இறுக்கத்தைக் கையாளப் பழக்கும் உரையாடல் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளின்ட் (பற்களின் மேல் மாட்டும் தகடு) வேண்டாம் என்று அதே வலுவோடு சொல்கிறது. இரவில் மட்டும் போட்டுக் கழற்றும் நைட் கார்டுகூட வலிக்கு முதல் மருந்தாக அதில் இடம்பெறவில்லை. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்துப் பல் தேய்கிறவருக்குப் பல்லைக் காக்க நான் அதைக் கொடுப்பதுண்டு. அது கடினமான அக்ரிலிக்கில், எல்லாப் பற்களையும் மூடுவதாக இருக்க வேண்டும்; முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கருவியை மாதக்கணக்கில் போட்டால் மூடாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி, பிறகு முன்பற்கள் ஒட்டாமலே போய்விடும். இரவில் மின்சாரம் நின்று, புழுக்கத்தில் உறக்கம் கலைந்து, மறுநாள் கவலையோடு படுத்திருப்பவர் பல்லைக் கடிக்கத்தான் செய்வார். அவருடைய உறக்கத்தைப் பற்றிக் கேட்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. கன்னமோ உதடோ மரத்துப்போனால், காய்ச்சலோடு தாடை வீங்கினால், காயம் பட்ட சில நாளில் வாய் பூட்டிக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது இசிவு நோயாக (டெட்டனஸ்) இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டு வலித்து, பார்வை மங்கினால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருந்து கண்ணையே பறித்துவிடக்கூடும். மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் விடும் தாடை வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: இன்றே ஒரு நோட்டை எடுங்கள். கண்ணாடி முன் நின்று வாயை நன்றாகத் திறந்து, மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் உள்ள இடைவெளியைத் தையல் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நுழைத்தும் பார்க்கலாம். பக்கத்தில் அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போடுங்கள். வாரம் ஒரு முறை போதும். தினமும் அளந்தால் கவனம் முழுவதும் அங்கேயே போய்விடும். ஆறு வாரத்தில் எண் குறையவில்லை என்றாலோ அளவு சுருங்கினாலோ, அந்த நோட்டோடு ரங்கூன் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைக்குச் சென்று காட்டுங்கள். ராவச் சொன்ன மருத்துவரிடமும் அதைக் காட்டலாம். “முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொன்னால் அவர் வருத்தப்பட மாட்டார்.